இரண்டாவது டம்ளர்

எத்திராஜுக்கு ஐம்பத்தொன்பது வயது. அவருடைய குருவுக்கு நாற்பத்தொன்று. இருந்தாலும் குருவை அவர் அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஊரே அப்படிக் கூப்பிடும்போது அவர் மட்டும் வேறு என்னவென்று கூப்பிடுவது?

அக்காவின் பெயர் மங்கையர்க்கரசி. நான்கு வருடம் திருச்சி பஸ் ஸ்டாண்டில் படுத்து எழுந்தவர். இப்போது தெருவில் படுப்பவர்களைத் தேடிப்போய்ப் பேசி, ஓர் அறையில் குடிவைப்பதுதான் அவர் வேலை. ஓர் அறக்கட்டளை கொடுத்த பழைய லாட்ஜ் கட்டிடம். பதினான்கு அறைகள். சாவி குடியிருப்பவரிடமே இருக்கும். ரேஷன் கார்டு, பென்ஷன், ஆஸ்பத்திரி என்று எதற்கும் கூட வர ஓர் ஆள் உண்டு. அங்கே ஆசிரமமும் கிடையாது, காவியும் கிடையாது. எத்திராஜைச் சீடர் என்று யாரும் சொன்னதில்லை. அவராகச் சொல்லிக்கொள்வார்.

அவர் போக்குவரத்துக் கழகத்தில் டைம் கீப்பராக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் எந்த பஸ் எத்தனை நிமிடம் தாமதம், ஏன் தாமதம் என்று எழுதியவர். அக்காவிடம் சேர்ந்து ஒன்றரை வருடத்தில் மூன்று பேரை அறைக்குக் கொண்டுவந்திருந்தார்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகக் குடிவருபவர் தன் அறையில், தன் அடுப்பில் பால் காய்ச்ச வேண்டும். தன்னைக் கூட்டிவந்தவர் கையில் முதல் டம்ளரைக் கொடுக்க வேண்டும். இதை அக்கா வைக்கவில்லை. முதல் அறைக்கு வந்த ஒரு கிழவி அப்படிச் செய்தாள், அதுவே வழக்கமாக நிலைத்துவிட்டது. வாங்குபவருக்குச் சம்பளம் ஏறாது, மாலை போட மாட்டார்கள். அரை டம்ளர் பால்தான். ஆனால் அந்த அரை டம்ளருக்காக எத்திராஜ் பதினோரு மாதம் ஒரே ஆளின் பின்னால் நடந்தார்.

அந்த ஆள் பொன்னுரங்கம். அறுபத்தாறு வயது. ஜங்ஷனுக்குப் பக்கத்தில் பழைய பார்சல் ஆபீஸ் சுவரோரம் படுக்கை. உடம்பில் சர்க்கரை. முன்பு ஒரு ஹோட்டலில் டீ மாஸ்டர். எத்திராஜ் தினமும் காலை ஆறு மணிக்கு எதிர்க்கடையில் இரண்டு டீ வாங்கிக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்காருவார். ஒன்றில் சர்க்கரை இருக்காது. ஒரு நாளும் ஆறு ஐந்து ஆனதில்லை.

பொன்னுரங்கம் ஒரு வாய் குடிப்பார்.

"இது டீயா? பாத்திரம் கழுவின தண்ணி."

"நேத்து நல்லா இருக்குன்னீங்களே அண்ணே."

"நேத்து பசி."

பிறகு முக்கால் மணி நேரம் டீயைப் பற்றியே பேசுவார். தூளை எப்போது போட வேண்டும், பாலை எவ்வளவு நேரம் சுண்டவிட வேண்டும், இந்தக் கடைக்காரன் எங்கெங்கே தப்பு செய்கிறான் என்று. எத்திராஜ் பொறுமையாகத் தலையாட்டுவார். பேச்சு ஓயும்போது தன் பாடத்தை ஆரம்பிப்பார்.

"அறையில கட்டில் இருக்கு அண்ணே. ஃபேன் இருக்கு. பாத்ரூம் உள்ளேயே. காலைல ஏழு மணிக்கு நர்ஸம்மா வந்து ஊசி போட்டுடுவாங்க. உங்க பேர்ல பூட்டு, சாவி. எப்ப வரீங்க?"

"பாக்கலாம்," என்பார் பொன்னுரங்கம்.

பதினோரு மாதமும் பாக்கலாம்தான்.

அப்புறம் எத்திராஜின் மகளுக்குப் பிரசவம் வந்தது. மூன்று வாரம் ஓசூர் போக வேண்டியிருந்தது. பொன்னுரங்கத்தைப் பார்த்துக்கொள்ளும்படி ரோஸ்லினிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். ரோஸ்லின் ஒரு மெஸ்ஸில் பன்னிரண்டு வருடம் சமைத்தவர். அக்காவிடம் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. படிவம் நிரப்பும்போது பெயருக்கான இடத்தில் ஊரையும் ஊருக்கான இடத்தில் பெயரையும் எழுதிவிடுவார். இவரால் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்துத்தான் எத்திராஜ் ஒப்படைத்தார்.

திரும்பி வந்த அன்று அக்கா சொன்னார்.

"பொன்னுரங்கம் சரின்னுட்டார் சார். ஞாயித்துக்கிழமை பால் காய்ச்சுறோம். ஏழாம் நம்பர் அறை."

"யாரு கூட்டிட்டு வர்றாங்க?"

"ரோஸ்லின். பதினெட்டு நாள்ல சரின்னு சொல்லிட்டாராம்."

"நல்லது," என்றார் எத்திராஜ்.

பேத்தி பிறந்ததற்கு மைசூர்பாகு வாங்கி வந்திருந்தார். எல்லோருக்கும் கொடுத்தார். ரோஸ்லின் முறை வந்தபோது, டப்பாவின் மூலையில் உடைந்து கிடந்த துண்டைத் தேடி எடுத்துக் கொடுத்தார். அந்த வயதில் ஒரு மனிதர் செய்யக்கூடிய காரியம் அல்ல. செய்துவிட்டு, அதற்காகக் கொஞ்சம் சந்தோஷமும் பட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் போகவில்லை. வயிறு சரியில்லை என்று போனில் சொன்னார். முழுப் பொய் என்று சொல்ல முடியாது. வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது. பதினோரு மாதம். மழையில் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நாள்கள், காய்ச்சலோடு போன நாள்கள், அறுநூறுக்கு மேல் டீ. முதல் டம்ளரோ நேற்று வந்தவளுக்கு. வீட்டில் பேத்தியின் போட்டோவைக் காட்டி மனைவி ஏதோ கேட்டார். அவருக்கு அது காதில் விழவில்லை.

மறுநாள் அக்காவிடம் வேறு பகுதி கேட்டார்.

"காந்தி மார்க்கெட் பக்கம் நான் பாத்துக்கறேன். ஜங்ஷன் பக்கம்தான் இப்ப வேலை முடிஞ்சுபோச்சே."

அக்கா அவரை ஒரு நிமிடம் பார்த்தார். "முடிஞ்சுபோச்சா? சரி," என்றார்.

மார்க்கெட்டுக்குப் போகும் பஸ் பார்சல் ஆபீஸ் வழியாகத்தான் போகும். முதல் இரண்டு நாள் எத்திராஜ் எதிர்ப்பக்க ஜன்னலில் உட்கார்ந்து போனார். அந்தச் சுவரைப் பார்க்கக்கூட அவருக்குப் பிடிக்கவில்லை. மூன்றாம் நாள் அந்தப் பக்கம்தான் இடம் கிடைத்தது. பார்த்தார். சுவரோரம், பழைய இடத்திலேயே, மடியில் ஒரு துணிப்பையோடு பொன்னுரங்கம் உட்கார்ந்திருந்தார். மணி ஆறு பத்து.

பஸ் நகர்ந்தது. எத்திராஜுக்குள் யாரோ விசில் அடித்த மாதிரி இருந்தது. பதினெட்டு நாளில் கூட்டிவந்த லட்சணம் தெரிந்துவிட்டதல்லவா? அன்று மார்க்கெட்டில் இரண்டு இட்லி அதிகம் சாப்பிட்டார்.

நான்காம் நாளும் பார்த்தார். ஐந்தாம் நாளும் பார்த்தார். இப்போது அந்த ஜன்னலைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆறாம் நாள் எல்லோரும் கூடியிருந்தபோது நர்ஸம்மா பேசினார்.

"ஏழாம் நம்பர்ல ஆறு நாளா காலைல ஆளே இல்லை. நான் யாருக்கு ஊசி போடறது? கதவுக்கா?"

அறக்கட்டளையின் விதி எல்லோருக்கும் தெரியும். முதல் மாதம் காலை ஏழு மணிக்கு நர்ஸ் வரும்போது அறையில் ஆள் இருக்க வேண்டும். தொடர்ந்து பத்து நாள் இல்லையென்றால் அறை, காத்திருக்கும் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். பட்டியலில் நாற்பத்திரண்டு பேர். அந்த விதியை வளைக்க அக்காவால் முடியாது.

அக்கா பொதுவாகக் கேட்டார். "காலைல எங்க போறார்னு யாருக்காவது தெரியுமா?"

எத்திராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார். ரோஸ்லின் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் முடிந்து படியிறங்கும்போது ரோஸ்லின் பின்னாலேயே வந்தார்.

"சார், அந்த ஆளுக்கு நீங்க என்ன மருந்து வெச்சீங்க?"

"என்ன கேக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல. தெரிஞ்சா நானும் வெச்சிருப்பேன்."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார். தோற்றவளின் குத்தல் பேச்சு என்று எத்திராஜ் எடுத்துக்கொண்டார். அது அவருக்கு இனித்தது.

ஆனால் இனிப்பு நிற்கவில்லை. ஏழாம் நாள், எட்டாம் நாள் என்று அவருடைய மூளை தானாக எண்ணிக்கொண்டே வந்தது. முப்பது வருடப் பழக்கம். ஒன்பதாம் நாள் பிற்பகல் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. அக்காவின் மேஜைக்கு எதிரில் போய் உட்கார்ந்தார்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க சார்."

"பதினோரு மாசம் நான் போனேன். ஒரு நாள் தவறல. அந்தம்மா பதினெட்டு நாள் போச்சு. அந்தம்மாவுக்கு அப்படி என்ன தெரியும்? எங்கிட்ட என்ன குறை?"

அக்கா பேனாவை மூடி வைத்தார்.

"கூட்டிட்டு வந்தும் என்ன பிரயோஜனம்? அவரு பழைய இடத்துலதானே போய் உக்காந்திருக்கார்."

வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. எத்தனை நாளாகத் தெரியும் என்று அக்கா கேட்பார் என்று காத்திருந்தார். அக்கா கேட்கவில்லை. எழுந்து கீழே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு பேப்பர் கப் இருந்தது. லாட்ஜுக்கு எதிர்க்கடை டீ.

"முதல்ல இதைக் குடிங்க."

எத்திராஜ் ஒரு வாய் குடித்தார். முகம் சுளித்தது.

"எப்படி இருக்கு?"

"இது டீயா? பாத்திரம் கழுவின தண்ணி. தூளை முன்னாடியே போட்டுட்டான். பாலைச் சுண்ட விடல."

அக்கா அவரையே பார்த்தார்.

"நீங்க என்கிட்ட வந்து ஒன்றரை வருஷம் ஆச்சு. முதல் ஆறு மாசம் இதே கடை டீயைத்தான் குடிச்சீங்க. ஒரு நாளும் குறை சொன்னதில்ல."

எத்திராஜ் கப்பைக் கீழே வைத்தார்.

"அறையில என்னென்ன இருக்குன்னு அவர்கிட்ட சொன்னீங்க?"

"கட்டில் சொன்னேன். ஃபேன், பாத்ரூம், நர்ஸ், பூட்டு, சாவி. எல்லாம் சொன்னேன்."

"ரோஸ்லின் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க. அடுப்பு."

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. எத்திராஜ் அதை வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். பதினோரு மாதம் ஒரு மனிதர் தன் பக்கத்தில் உட்கார்ந்து வேறு எதைப் பற்றியும் பேசவில்லை என்பது அவருக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"நாளைக்குப் பத்தாம் நாள் சார்," என்றார் அக்கா. தன் காகிதங்களுக்குத் திரும்பினார்.

மறுநாள் எத்திராஜ் பஸ்ஸில் போகவில்லை. முதல் பஸ் வரும் நேரம்வரைகூட அவரால் பொறுக்க முடியவில்லை. ஆட்டோ பிடித்தார். பார்சல் ஆபீஸ் சுவரோரம் இறங்கியபோது சரியாக ஆறு மணி.

பொன்னுரங்கம் துவைத்த சட்டை போட்டிருந்தார். முகம் மழித்திருந்தார். துணிப்பையைத் தரையில் விரித்து, அதன்மேல் ஒரு பிளாஸ்க்கை வைத்திருந்தார். பக்கத்தில் இரண்டு டம்ளர்கள். ரோஸ்லின் தினமும் வேலைக்குக் கொண்டுவரும் அதே பச்சை மூடி பிளாஸ்க்.

பொன்னுரங்கம் நிமிர்ந்து பார்த்தார்.

"லேட்டு," என்றார்.

"பேத்தி பொறந்திருக்கா அண்ணே. ஓசூர் போயிருந்தேன்."

"அது மூணு வாரம். ரோஸ்லின் சொல்லிச்சு. அதுக்கப்புறம்?"

பஞ்சர், ரயில்வே கேட், கூட்டம், மழை. தாமதத்துக்கான காரணங்களை எத்திராஜ் முப்பது வருடம் எழுதியிருக்கிறார். ஒன்றும் வாய்க்கு வரவில்லை.

"பொறாமை," என்றார்.

"யார் மேல?"

"ரோஸ்லின் மேல. நான் கூப்பிட்டு வரல, அவங்க கூப்பிட்டு வந்துட்டீங்களேன்னு."

பொன்னுரங்கம் கொஞ்சம் யோசித்தார்.

"அவங்க எங்க கூப்பிட்டாங்க? அடுப்பு இருக்குன்னாங்க. நான்தான் கிளம்பிட்டேன். பதினோரு மாசமா என்கூட உக்காந்து குடிச்சு அந்தக் கண்றாவிக்குப் பழகிட்டீங்களேன்னு எனக்கு ஒரு வருத்தம். ஒரு அடுப்பு கெடச்சா உங்களுக்கு ஒரு டீ போட்டுக் காட்டணும்னு இருந்தேன்."

எத்திராஜ் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அதே இடம். சுவரில் அவர் முதுகு சாய்ந்து சாய்ந்து கறுத்த தடம்கூட அப்படியே இருந்தது.

"ஒன்பது நாளா தூக்கிட்டு வந்தீங்களா?"

"நீங்க எந்த நாள் வருவீங்கன்னு எழுதியா ஒட்டியிருக்கு? எட்டு மணி வரைக்கும் பாப்பேன். அப்புறம் உங்க டம்ளரைக் கவுத்துட்டுப் போயிடுவேன்."

"அறைக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பியிருக்கலாமே அண்ணே."

"கூப்பிட்டா வந்துடுவாங்களா? நீங்க கூப்பிட்டு நான் வந்தேனா?"

எத்திராஜ் காலி டம்ளரைத் தன் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"இன்னைக்கோட அறை போயிடும். தெரியுமா?"

"அக்கா வந்து சொல்லுச்சு. என்ன பண்றது? நீங்க வந்து நான் இல்லாம இருந்தா?"

அவர் பிளாஸ்க்கைத் திறந்தார். இரண்டு டம்ளரிலும் ஊற்றினார். எத்திராஜின் டம்ளரில் சர்க்கரை போட ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார். எத்திராஜ் ஒரு வாய் குடித்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

"சொல்லாதீங்க," என்றார் பொன்னுரங்கம். "எனக்கே தெரியும். பிளாஸ்க்குல வெச்ச டீ பாதி செத்த டீ. அடுப்புலேருந்து எறக்கி அப்படியே குடிக்கணும்."

எத்திராஜ் டம்ளரைக் காலி செய்தார். பிறகு கையில் மணி பார்த்தார்.

"ஆறு இருபது. இங்கேருந்து நடந்தா இருபத்தஞ்சு நிமிஷம். நர்ஸம்மா ஏழு மணிக்கு வருவாங்க."

"டைம் கீப்பர் சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று பொன்னுரங்கம் எழுந்து பையை மடித்தார்.

நர்ஸம்மா வந்தபோது ஏழாம் நம்பர் அறைக் கதவு திறந்திருந்தது. அடுப்பில் பால் சுண்டிக்கொண்டிருந்தது. கட்டிலில் எத்திராஜ் உட்கார்ந்திருந்தார். நர்ஸம்மா பொன்னுரங்கத்துக்கு ஊசி போட்டார். நோட்டில் ஒரு டிக் அடித்தார். தனக்கும் ஒரு டீ கேட்டார்.

எத்திராஜ் படியிறங்கும்போது கீழே ரோஸ்லின் நின்றிருந்தார்.

"குடிச்சாச்சா சார்?"

"குடிச்சாச்சு."

"பால் காய்ச்சின அன்னைக்குக் கூட்டிட்டு வந்தவ நான் பக்கத்துலயே நிக்கறேன். முதல் டம்ளரை ஊத்தினார். ஒரு தட்டைப் போட்டு மூடி வெச்சுட்டார். சாயங்காலம் வரைக்கும் யாரையும் தொட விடல. திரிஞ்சு போச்சு. எனக்கு எப்படி இருந்திருக்கும்?"

"எரிஞ்சிருக்கும்," என்றார் எத்திராஜ்.

"ஆமா. உடைஞ்ச மைசூர்பாகுக்கும் அதுக்கும் சரியாப் போச்சு. விடுங்க."

எத்திராஜ் அக்காவின் அறைக்குப் போனார். அக்கா ஜன்னலைத் திறந்துகொண்டிருந்தார்.

"உங்களுக்கு எப்ப தெரியும் அக்கா?"

"அஞ்சாம் நாள். தேடிக்கிட்டுப் போய்ப் பாத்தேன்."

"அன்னைக்கே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லக் கூடாதுன்னார். வர்றவர் தானா வரணுமாம். சத்தியம் வாங்கிக்கிட்டார்."

"அறை போயிருந்தா?"

"போயிருக்கும். அதை நினைச்சு அஞ்சு நாளா எனக்குச் சோறு எறங்கல."

எத்திராஜ் தலையைக் குனிந்துகொண்டார்.

"எம்மேல கோபமா அக்கா?"

"கோபம் இல்ல சார். எரிச்சல்." அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நாலு வருஷம் பஸ் ஸ்டாண்டுல கெடந்தவ நான். இவங்க மனசு என்னை விட யாருக்குத் தெரியும்னு எனக்கு ஒரு நெனப்பு. அன்னைக்கு அவர் பக்கத்துல போய் உக்காந்தேன். ரெண்டு டம்ளர் இருந்துச்சு. ஒண்ணுல அவர் குடிச்சுக்கிட்டிருந்தார். இன்னொண்ணு காலியாத்தான் இருந்துச்சு. அதுல எனக்குக் கொஞ்சம் ஊத்துங்கன்னு கேட்டேன்."

"ஊத்தினாரா?"

"அதுக்கு ஆள் இருக்குன்னுட்டார்."